விமானம் வரும் நாள்

அந்த ஊருக்குப் பெரிய தீயணைப்பு வண்டி ஒன்றே ஒன்றுதான். ஊரிலிருந்த பெரிய கம்பெனியின் சேர்மனுக்கு விமானம் இரண்டு. பழையது ஒன்று, போன மாதம் வாங்கிய புதியது ஒன்று. அந்த இரண்டில் எது வந்தாலும் ஊரின் ஒரே வண்டி கிளம்பிப் போய், விமானத் தளத்தின் ஓரத்தில் கைகட்டி நிற்கவேண்டும்.

யாரோ திமிரில் செய்த ஏற்பாடு இல்லை, விதியே அப்படி. இறங்குகிற விமானம் எவ்வளவு பெரிசோ அதற்கேற்ற தீயணைப்பு வண்டி ஓடுபாதைக்குப் பக்கத்தில் தயாராக நிற்க வேண்டும். அது இறங்குவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும், மறுபடி கிளம்பி மேலே ஏறிய பிறகுதான் நகர வேண்டும். தளத்துக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு குட்டி ஜீப். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் சின்ன விமானங்களுக்கு அது போதும். சேர்மனுக்குப் போதாது. தளம் என்னவோ ஊர் மக்கள் வரிப்பணத்தில் கட்டியதுதான், நகரசபைக்குச் சொந்தமானதுதான். ஆனால் ஓடுபாதை குண்டும் குழியுமாகக் கிடந்தபோது கம்பெனி தன் செலவில் புதிதாகப் போட்டுக் கொடுத்தது. நகரசபைக்கு வாயெல்லாம் பல். "எப்ப வந்தாலும் எங்க வண்டி வந்து நிக்கும்" என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒப்புக்கொண்டவர்களில் ஒருவர்கூட மூன்றாவது மாடியில் குடியிருக்கவில்லை.

மீசை குடியிருந்தார். மீசை என்பவர் தீயணைப்பு நிலைய அதிகாரி. மீசையை எடுத்துப் பல வருஷமாயிற்று, பெயர் மட்டும் போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது வழுவழுவென்று இருக்கிற அந்த முகத்தைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். நல்ல மனுஷன். பயந்த மனுஷன். நெருப்புக்கு அல்ல, நெருப்புக்குள் அவர் சாதாரணமாகப் போய் வருவார். நெருப்பு இல்லாத நேரத்தில்தான் அவருக்குப் பயம்.

அந்தப் பயத்துக்கு இப்போது காரணமும் கிடைத்திருந்தது. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடப் படியில் சறுக்கி விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் கிடக்கிறாள். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கீழே தரைத்தளத்தில் மெத்தைக் கடை. கடை முழுக்கப் பஞ்சும் ரப்பர் நுரையும் கூரை வரை அடுக்கியிருக்கும். இன்ன தெருவில் இன்ன கட்டடம் எரிந்தால் எப்படி எரியும் என்று கணக்குப் போடுவதே தொழிலாக உள்ளவருக்கு இப்படி ஒரு வீடு வாய்த்தால் தூக்கம் எப்படி வரும்? கடைக்காரரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், அந்தப் பழைய ஒயரையெல்லாம் மாற்றுங்கள் என்று. "மாத்திடலாம் சார்" என்பார் கடைக்காரர். சொன்னதோடு சரி.

அன்று காலை மீசை வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுப்பை அணைத்தோமா என்று பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி வைத்தார். கீழே வரை இறங்கிப் போய், மறுபடி மூச்சு வாங்க ஏறி வந்து அடுப்பை இன்னொரு தரம் திருகிப் பார்த்தார்.

"ஐயா சாமி, அணைஞ்சுதான் இருக்கு" என்றாள் டீச்சர், கட்டிலில் சாய்ந்தபடி. "இன்னைக்கு ப்ளேன் வருதா?"

"வருது. புதுசு."

"எப்பத் திரும்புவீங்க?"

"அவங்க கிளம்பினதும்."

"அவங்க எப்பக் கிளம்புவாங்க?"

"அது கடவுளுக்கும் சேர்மன் பொண்டாட்டிக்கும்தான் தெரியும்."

டீச்சர் சிரித்தாள். கால் ஆடிவிடாமல் வாயால் மட்டும் சிரிக்கப் பழகியிருந்தாள். "போங்க. போன் பக்கத்துலதான் இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகாது."

எனக்கு ஒண்ணும் ஆகாது என்று யாராவது சொன்னாலே மீசைக்கு ஏதோ ஆகப்போகிறது என்றுதான் தோன்றும். அடுப்பை இன்னும் ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

விமானத் தளத்தின் மேலாளர் வேறு யாரும் இல்லை, டீச்சரின் சொந்தத் தம்பி. மீசைக்கு மச்சினன். புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வெயிலில் வேர்த்து ஒழுகி, வாசலிலேயே காத்திருந்தான். வண்டி நின்றதும் ஓடி வந்து கதவைத் திறந்தான். மாமியார் வீட்டில்கூட மீசைக்கு அப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை.

"அத்தான், ஒரு சின்ன உதவி."

"நீ சின்ன உதவின்னாலே எனக்குப் பயமா இருக்கு மாப்ளே. சொல்லு."

"புது ப்ளேன் முதல் தடவையா இறங்குதுல்ல? பெரிய ஏர்போர்ட்லல்லாம் தீயணைப்பு வண்டி நின்னு தண்ணி பீச்சுவாங்க பாருங்க, வளைவு மாதிரி. அதுக்கு அடியில ப்ளேன் மெதுவா வரும். அதை இங்கயும் செய்ய முடியுமான்னு கம்பெனி மேடம் கேட்டாங்க."

"அதுக்கு ரெண்டு வண்டி வேணும்டா."

"இந்தப் பக்கம் நீங்க. அந்தப் பக்கம் நம்ம ஜீப்பு."

பின்னால் நின்ற பம்ப்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். வண்டியின் பம்பை இயக்குகிறவர் அவர். மீசையோடு நெடுநாள் வேலை பார்த்தவர், யாரையும் கிண்டல் பண்ணாமல் அவருக்குப் பொழுது போகாது. "யானை ஒரு பக்கம், எலி ஒரு பக்கம். நடுவுல சேர்மன். நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

மீசைக்குச் சிரிப்பு வரவில்லை. "பீச்சினா டாங்கு காலியாயிடும். காலி டாங்கோட எப்படி நிக்கறது?"

"இங்கதான் குழாய் இருக்கே அத்தான். உடனே ரொப்பிக்கலாம்." மச்சினன் குரலைத் தணித்தான். "எனக்கு இந்த வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. அடுத்த வாரம் கமிட்டி கூடுது. அதுல கம்பெனிக்காரர் ஒருத்தர் உக்காந்திருப்பார். அக்காகிட்ட இதையெல்லாம் நான் சொன்னதில்ல, அவளுக்கே ஆயிரம் வலி."

அக்காவை இழுத்தாயா, முடிந்தது கதை. மீசை சரி என்றுவிட்டார். இன்னொன்றும் உண்டு, மறைத்து என்ன ஆகப்போகிறது? அவருக்கே அதைச் செய்து பார்க்க ஆசையாக இருந்தது. இத்தனை வருஷமாகத் தண்ணீரைக் கரியிலும் சாம்பலிலும்தான் கொட்டியிருக்கிறார். ஒரு தடவையாவது அழகுக்காகப் பீச்சிப் பார்க்கலாமே என்று மனசுக்குள் ஒரு சபலம்.

விமானம் வந்தது. வெள்ளை வெளேரென்று, மூக்கை நீட்டிக்கொண்டு, தரையில் காலை வைத்ததே தெரியாமல் இறங்கியது. பம்ப்காரர் விசையைத் திருப்பினார். தண்ணீர் மேலே எழுந்து வளைந்து விழுந்தது. எதிர்ப்பக்கம் ஜீப்பும் தன்னால் முடிந்ததைச் செய்தது. வெயில் பட்டதும் தண்ணீருக்குள் வானவில் முளைத்துவிட்டது. அடேயப்பா! மீசை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். வளைவுக்கு அடியில் விமானம் நனைந்தபடி வந்தது. வட்ட ஜன்னல்களில் ஆட்கள் போனைத் தூக்கிப் படம் பிடிப்பது தெரிந்தது. மச்சினன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

எல்லாம் முடிந்து பார்த்தால் டாங்க்கின் அளவுமுள் அடியில் படுத்திருந்தது.

சேர்மன் இறங்கினார், கை குலுக்கினார், மனைவியோடும் சிநேகிதர்களோடும் காரில் ஏறி ஏரிக்கரை மாளிகைக்குப் போனார். விமானம் உடனே காலியாகத் திரும்பிப் போவதாக ஏற்பாடு. மீசை வண்டியைக் குழாயடியில் நிறுத்தி, குழாயை மாட்டி, திறந்தார். ஒரு நூலாக வந்தது தண்ணீர்.

"என்னய்யா இது?"

"குழந்தை ஒண்ணுக்குப் போற மாதிரி வருது" என்றார் பம்ப்காரர்.

மச்சினன் தலையைச் சொறிந்தான். விமானத்தில் வருகிறவர்கள் உட்கார்ந்து போகக் கம்பெனி புதிதாக ஒரு கூடம் கட்டியிருந்தது. அதைச் சுற்றிப் புல்வெளி. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய்களும் இதே இணைப்பில்தான் இருந்தன. அங்கே சுற்றிச் சுற்றித் தெளித்துக்கொண்டிருந்தன. அதை நிறுத்தும் சாவி கம்பெனியின் தோட்டக்காரரிடம் இருந்தது, தோட்டக்காரர் சாப்பிடப் போயிருந்தார். சரி, வருகிற தண்ணீர் வரட்டும் என்று விட்டுவிட்டு மீசை நிழலில் வந்து நின்றார்.

விமானமோ கிளம்புகிற வழியாக இல்லை. கொஞ்ச நேரத்தில், சேர்மனின் பயணங்களைக் கவனிக்கிற கம்பெனி மேடம் வந்து, மிகவும் பணிவாக, சேர்மனின் மனைவிக்கு ஏரிக்கரையில் தலைவலி வந்துவிட்டதென்றும், அவர் இதே விமானத்தில் திரும்பிப் போக விரும்புகிறார் என்றும், இதோ வந்துகொண்டே இருக்கிறார் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். இந்த "வந்துகொண்டே இருக்கிறார்" இருக்கிறதே, அதை நம்பி உலகத்தில் எத்தனையோ பேர் நின்று காய்ந்திருக்கிறார்கள்.

புகையை முதலில் பார்த்தவர் பம்ப்காரர்தான்.

"அண்ணே, அங்க பாருங்க. யாரோ குப்பை கொளுத்துறாங்க போல."

மீசை திரும்பினார். தளத்திலிருந்து பார்த்தால் வயல்வெளிக்கு அப்பால் ஊர் ஒரு வரிசையாகத் தெரியும். தண்ணீர்த் தொட்டி, சினிமாக் கொட்டகையின் விளம்பரப் பலகை, அடுக்குமாடிகளின் தலைகள். தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் புகை ஒன்று எழுந்து நின்றது. குப்பைப் புகை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம்தான் அவர் தெரு.

அந்தப் பக்கத்தில் அவர் தெரு மட்டுமா இருக்கிறது? மர அறுவை மில் இருக்கிறது. காய்கறிச் சந்தை இருக்கிறது. அதற்குப் பின்னால் குப்பை மேடே இருக்கிறது. இதையெல்லாம் மீசை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே போனை எடுத்துக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார்.

"கால் ஏதாவது வந்துச்சாம்மா?"

"ஒண்ணும் வரலையே சார்" என்றாள் அங்கிருந்த பெண். "இன்னைக்கு ரொம்ப அமைதி."

"எனக்குப் புகை தெரியுது. தண்ணித் தொட்டிப் பக்கம்."

"யாரும் சொல்லலையே சார். வந்தா முதல்ல உங்களுக்குத்தானே சொல்லப்போறேன்?"

இதுதான் அவர் கையைக் கட்டிப்போட்டது. ஊரிலிருந்து ஓர் அழைப்பு வந்துவிட்டால் போதும், விமானம் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று வண்டியைக் கிளப்பலாம். தடுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது, விமானம்தான் காத்துக் கிடக்கவேண்டும். ஆனால் அழைப்பு இல்லாமல் நகர்ந்தால், ஓடுபாதையைக் காவல் இல்லாமல் விட்டுப் போன குற்றம். மீசையின் வேலை போகும், மச்சினனின் வேலை அதற்கு முன்னால் போகும். ஒரே ஒரு அழைப்பு. யாராவது ஒரு புண்ணியவான் போனை எடுத்து, சார் இங்கே புகை வருது என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா! ஊரில் ஆளாளுக்கு இரண்டு போன் வைத்திருக்கிறார்கள். அப்படி எரிந்தால் கூப்பிடாமல் இருப்பார்களா? யாரும் கூப்பிடவில்லை என்றால் எரியவில்லை என்றுதானே அர்த்தம்? மீசை அப்படித்தான் நினைத்தார். நினைத்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது.

தூங்குவாள். மத்தியானம் மாத்திரை போட்டால் கொஞ்சம் அசந்துவிடுவாள். மெத்தைக் கடைக்காரருக்குப் போட்டார். அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. கடைக்காரரும் இந்த நேரத்தில் மெத்தை மேலேயே சாய்ந்து ஒரு தூக்கம் போடுகிறவர்தான். அது ஊரறிந்த விஷயம். மீசை மறுபடி மனைவிக்குப் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது.

"அண்ணே" என்றார் பம்ப்காரர். கிண்டலெல்லாம் போய்க் குரல் வேறாகியிருந்தது. "வேணும்னா நான் என் போன்லருந்து கூப்பிட்டுத் தீன்னு சொல்லிடட்டா?"

"இங்கருந்து கூப்பிட்டா இடம் அவங்களுக்குக் காட்டும். பொய் அழைப்புன்னு ஆச்சுன்னா உன் பொழைப்பும் போயிடும்."

"போனாப் போகுது."

"எரியுதுன்னு நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

பம்ப்காரர் புகையைப் பார்த்தார். நிச்சயமாகத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? அந்த நேரத்தில் அது வெளுத்து, மெலிந்து, அடங்குகிற மாதிரிகூட இருந்தது. மீசைக்கு உயிர் வந்தது. பார்த்தாயா, குப்பைதான் என்றார். அடுத்த நிமிஷம் அது கறுத்தது. கருகருவென்று, சுருண்டு சுருண்டு மேலே போயிற்று. ரப்பர் எரிந்தால் அப்படித்தான் வரும். மீசைக்கு அது தெரியும்.

மச்சினன் கூடத்திலிருந்து ஓடி வந்தான். "அத்தான், வந்துட்டாங்க! கார் கேட்டுக்குள்ள வந்தாச்சு. இனி ஏறிக் கிளம்ப வேண்டியதுதான்."

"அங்க பாரு மாப்ளே."

மச்சினன் பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான், அதற்கு இடப்பக்கம் பார்த்தான். சட்டென்று தன் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். காதில் வைத்தபடி நின்றான். மீசை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துவிட மாட்டாளா, தம்பி கூப்பிட்டால் எடுப்பாளே, எந்தத் தூக்கத்திலும் எடுப்பாளே. மச்சினன் போனை இறக்கினான்.

"எடுக்கல" என்றான்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போங்கள் அத்தான் என்று அவன் சொல்லுவான் என்று இவர் காத்திருந்தார். நான் போகிறேன் மாப்ளே என்று இவர் சொல்லுவார் என்று அவன் காத்திருந்தான். கடைசியில் மச்சினன்தான் வாயைத் திறந்தான். "இதோ ஏறிடுவாங்க அத்தான். மேல கிளம்பினதும் நீங்க பறந்துடுங்க. அஞ்சே நிமிஷம்."

மீசை தலையாட்டினார். ஆமாம், ஆட்டினார்.

சேர்மனின் மனைவி காரை விட்டு இறங்கினார். தலைவலிக்காரி மாதிரியே இல்லை, சிரித்த முகம். நேராக விமானத்துக்குப் போகவேண்டியதுதானே? போகவில்லை. தீயணைப்பு வண்டியைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். "நீங்கதானே அந்தத் தண்ணி வளைவு செஞ்சது? எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா! என் பேரனுக்கு அனுப்பினேன், துள்ளிக் குதிக்கிறான். உங்க எல்லாரோடயும் ஒரு படம் எடுத்துக்கறேனே?"

கெட்டவர் என்றால் திட்டிவிடலாம். அந்த அம்மாள் நல்லவர். பம்ப்காரரைத் தோளில் தட்டிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். குழாய் பிடிக்கிற இரண்டு பேரையும் கூப்பிட்டார். மீசையை நடுவில் நிற்கச் சொன்னார். மீசை நின்றார். கம்பெனி மேடம் போனைத் தூக்கிப் பிடித்தாள், பிறகு இறக்கினாள்.

"பின்னாடி ஏதோ புகை விழுது. எல்லாரும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க… இன்னும் கொஞ்சம்… ஆங், இப்ப மறைஞ்சிடுச்சு. சிரிங்க."

மீசை சிரித்தார். சிரிக்கச் சொன்னால் சிரித்துத் தொலைக்கிற முகம் அவருக்கு. அந்தப் படம் இப்போதும் எங்கோ ஒரு பேரனின் போனில் இருக்கும்.

அதற்கப்புறம் அந்த அம்மாள் படியேறி, கையசைத்து, கதவு சாத்தி, விமானம் உறுமி, மெல்ல ஊர்ந்து, ஓடுபாதையின் அந்தக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி… ஓடுபாதை அவ்வளவு நீளம் என்று மீசைக்கு அன்றுதான் தெரிந்தது. மாட்டியிருந்த தண்ணீர்க் குழாயைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, இன்ஜினைப் போட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, போடா, போய்த் தொலைடா என்று வாய்விட்டே சொன்னார். விமானம் ஓடி வந்தது. சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஊர்ப்பக்கமாகத்தான் அது ஏறிப் போயிற்று. கறுப்புப் புகைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகித் திரும்பியது.

மீசை கேட்டைத் தாண்டியபோதுகூடக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வரவில்லை.

சைரன் அலற அலற ஓட்டினார். பம்ப்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அளவுமுள்ளை ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார். அந்த நூல் தண்ணீர் டாங்க்கின் அடியை நனைத்திருந்தது, அவ்வளவுதான். மரமில் வந்தது. மில் பத்திரமாக இருந்தது. சந்தை வந்தது. சந்தையில் ஆட்கள் தக்காளி பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். குப்பை மேட்டில் நாய்கள்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் தாண்டத் தாண்ட மீசைக்குப் போக்கிடம் குறைந்துகொண்டே வந்தது. தெருமுனை திரும்பினார்.

அவர் கட்டடம்தான்.

மெத்தைக் கடை இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வாய் திறந்திருந்தது. முதல் மாடி வரை சுவர் கருகியிருந்தது. படிக்கட்டு வழியாக இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. ஆனால் ஜுவாலை இல்லை. தெருவில் ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று வாளி மாற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்து வாசலில் பெரிய பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்கள் இருந்தன. அதிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார்கள். கூச்சலே இல்லை. பழகின வேலையைச் செய்கிறவர்கள் மாதிரி செய்தார்கள்.

மீசை குதித்து இறங்கிப் படிக்கட்டைப் பார்த்து ஓடினார். யாரோ தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். இரண்டாவது மாடிக்காரர், பஸ் கண்டக்டர். "மேல யாரும் இல்ல சார். டீச்சரை அப்பவே நாற்காலியோட தூக்கிட்டு வந்துட்டோம். அதோ, எதிர்ல."

மீசை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பம்ப்காரர் குழாயை விரித்து, கடைக்குள் கனன்றுகொண்டிருந்த பஞ்சின் மேல் அடித்தார். தண்ணீர் நன்றாகத்தான் பாய்ந்தது. பிறகு இருமியது, சொட்டியது, நின்றது. வாளி வரிசை அதைப் பார்த்தது. "என்ன சார், அவ்வளவுதானா? டாங்குல தண்ணி எங்க?" என்று யாரோ கேட்டார்கள். பம்ப்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வரிசையில் போய் நின்று ஒரு வாளியை வாங்கிக்கொண்டார்.

"கடைக்காரர்?" என்றார் மீசை.

"ரெண்டு கையும் வெந்துபோச்சு. எரியற மெத்தையைத் தெருவுக்கு இழுத்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"ஏன்யா போன் பண்ணல?" மீசை கத்தினார். "இத்தனை பேர் இருக்கீங்களே, ஒருத்தர்கூடவா போன் பண்ணல? நீங்க கூப்பிட்டிருந்தா நான் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்திருப்பேனே!"

கண்டக்டர் ஆச்சரியமாகப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை அவரிடம். "இன்னைக்கு ப்ளேன் வர்ற நாளாச்சே சார். ப்ளேன் வர்ற நாள்ல யார் கூப்பிடுவாங்க? போன தடவை ரொட்டிக் கடைல பத்திக்கிட்டப்போ கூப்பிட்டோம். போனை எடுத்தவங்க, ப்ளேன் இறங்கப் போகுது, கொஞ்சம் பொறுங்கன்னாங்க. அதுக்கப்புறம் நாங்களே பீப்பாய் வாங்கி ரொப்பி வச்சுக்கறோம். உங்களையும் எதுக்கு சங்கடப்படுத்தணும்?"

எதிர்ச் சாரியில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார்கள். கட்டு கறுத்திருந்தது. மூக்குக்குக் கீழே கரி. மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் அடித்தது. மீசை அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

"போன் கட்டில்லயே கிடக்கு" என்றாள். "எடுக்க நேரமில்ல. கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன். மாப்ளையும் கூப்பிட்டான்."

"அவனுக்குச் சொல்லிடுங்க, தவிச்சுப் போயிடுவான்." அவள் இருமினாள். இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. "அங்கருந்து புகை தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நம்ம தெருதான்னு தெரிஞ்சுதா?"

மீசை வாயைத் திறந்தார். மரமில், சந்தை, குப்பை மேடு என்று எத்தனையோ சொல்ல இருந்தது. அழுதுவிட்டார். தெருவே பார்க்க, சீருடையோடு, அந்த வழுவழுப்பு முகம் கோணக் கோண அழுதார்.

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே நிதானத்தில், அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள்:

"இவங்க எல்லாரும் பயந்துட்டாங்க, நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு. அப்ப மேல ப்ளேன் போற சத்தம் கேட்டுச்சு. நான்தான் சொன்னேன், கவலைப்படாதீங்க, ப்ளேன் போயிடுச்சு, இனிமே வந்துடுவார்னு."